அக்காவுக்கு அசையாத சுவர்

அந்தச் சுவருக்கு ஆயுசு தெரியுமாம். நாள் நெருங்கியவர் எதிரே போய் நின்றால் அது அசையாதாம். எனக்கு இதைச் சொன்னவள் என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண். அவளுக்குச் சொன்னது, விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்த அவளுடைய நாத்தனார். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டதற்கு, “அங்க எல்லாரும் பேசிக்கறாங்களாம்” என்றாள். மதிய இடைவேளையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே சிரித்தபடி சொன்னாள்.

“அதுல கூத்து என்னன்னா, அந்தச் சுவரைப் பாத்துக்கற அம்மாவுக்கே இப்ப அது அசைய மாட்டேங்குதாம். பாவம், ஓரமா ஒதுங்கி ஒதுங்கி நடக்கறாங்களாம்.”

அந்த அம்மா என் அக்கா.

நான் அதைச் சொல்லவில்லை. தலைவலி என்று ஏதோ முனகிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஆயுசு, நாள் என்கிற கதையை நான் நம்பவில்லை. ஆனால் நம்பாமல் இருந்ததில் ஆறுதலும் இல்லை. எனக்குத் தோன்றிய காரணம் அந்தக் கதையைவிட மோசமாக இருந்தது.

அக்கா வேலை பார்ப்பது ஒரு கண்காட்சிக் கட்டடத்தின் முதல் மாடியில். கூடத்தின் ஒரு பக்கம் முழுக்க உள்ளங்கை அளவு மரத்தகடுகள், மொத்தம் ஆயிரத்து இருநூறு. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சின்ன மோட்டார். கூரையில் நான்கு கேமராக்கள். எதிரே நின்று நீங்கள் கையைத் தூக்கினால் தகடுகள் சடசடவென்று திரும்பி, வெளிறிய முதுகைக் காட்டி, உங்கள் உருவத்தைச் சுவரில் வரைந்துவிடும். கையை வீசினால் அதுவும் வீசும். குதித்தால் குதிக்கும். சும்மா நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக உங்களை மறந்துவிட்டுப் பழையபடி வெறும் மரச்சுவராகிவிடும். அசைவு இருந்தால்தான் அதன் கணக்கில் ஆள்.

என் பயம் அங்கேதான் பிடித்தது. அப்பாவுக்கு வந்தது நடுக்குவாதம். பெயரில்தான் நடுக்கம், அவருக்கு நடுக்கம் கடைசியில்தான் வந்தது. முதலில் வந்தது மந்தம். நடக்கும்போது இடது கை வீசுவதை நிறுத்திக்கொண்டது. ஒரு வருஷம் யாருமே கவனிக்கவில்லை. பிறகு சட்டைப் பொத்தான் போட அரை மணி நேரம், திரும்பிப் படுக்க இரண்டு பேர். ஏழு வருஷம் அக்காதான் பார்த்துக்கொண்டாள். நான் வெளியூரில் வேலையில் இருந்துகொண்டு மாதாமாதம் மருந்து அனுப்பினேன், தினமும் போன் பண்ணினேன். இப்போது, அசைவை மட்டும் பார்க்கத் தெரிந்த ஒரு சுவர், அக்காவைப் பார்க்க மாட்டேன் என்கிறது. அவளுக்கு வயது ஐம்பத்து மூன்று. அப்பாவுக்கு ஆரம்பித்ததும் ஏறக்குறைய அந்த வயதில்தான்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பொருத்தமில்லாத செய்தி என்று புரியும். வீட்டில் அவளுக்குப் பெயரே பம்பரம். பத்தொன்பது வயதில் பிஸ்கட் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடிக்கப் போனாள். பக்கத்து மேஜைக்காரிகளின் பங்கையும் சேர்த்து மடித்ததற்காக மேற்பார்வையாளர் திட்டினாராம், மற்றவர்களைச் சோம்பேறியாகக் காட்டுகிறாள் என்று. அப்புறம் சலவைக் கடையில் துணி வாங்கிப் போடும் வேலை. அங்கேதான் அத்தானைப் பார்த்தாள். அத்தான் அதே கடையின் மூலையில் ஒரு தையல் மெஷினோடு உட்கார்ந்து, பழுது பார்க்கும் தையல்காரராக இருந்தார். இடுப்பு பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கிழிசல் தைப்பது. ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுவார். அந்த நாலையும் இவளிடமே பேசிவிட்டதால் கல்யாணமாயிற்று.

கண்காட்சிக் கூடத்தில் முதலில் தரை துடைக்கத்தான் சேர்ந்தாள். சுவரை மாட்டிய புதிதில் கூட்டம் வந்து பார்த்துவிட்டுப் போனதே தவிர, யாரும் அசையவில்லை. பெரியவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்து நிற்கும் ஆளைச் சுவர் என்ன செய்யும்? சும்மாதான் இருக்கும். ‘இதுக்கா இவ்வளவு பேச்சு’ என்று அவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒருநாள் அக்கா துடைப்பத்தை ஓரமாக வைத்துவிட்டு, கோட்டு சூட்டு போட்ட ஒருவர் பக்கத்தில் போய் நின்றாளாம்.

“கையைத் தூக்குங்க சார். காசு கேக்க மாட்டேன்.”

அவர் தயங்க, இவளே இரண்டு கையையும் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியிருக்கிறாள். நூற்றுக்கணக்கான தகடுகள் ஒன்றாக எழுந்ததில் அந்த மனிதர் பயந்து ஒரு அடி பின்னால் போக, சுவரில் இருந்த அவருடைய உருவமும் பின்னால் போக, கூடமே சிரித்திருக்கிறது. மறுமாதம் துடைப்பம் வேறொருவர் கைக்குப் போயிற்று. அக்காவுக்கு நீலக் கோட்டும் ஒரு நாற்காலியும் கிடைத்தன. செய்து காட்டுவதுதான் வேலை. ஆறு வருஷமாக அதைத்தான் செய்கிறாள்.

அந்தக் கதையைக் கேட்ட அன்றைக்குச் சாயந்தரமே அக்காவுக்குப் போன் பண்ணினேன்.

“சுவர் எப்படிக்கா இருக்கு?”

“சுவருக்கென்ன, சுவர் மாதிரிதான் இருக்கு. நீ சாப்பிட்டியா?”

“நீ செஞ்சு காட்டறியா இப்பல்லாம்?”

பாத்திரம் உரசும் ஒலி கேட்டது.

“யாருடி உனக்குச் சொன்னது?” என்றாள்.

அந்தக் கேள்வியிலேயே எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. பத்து நாள் லீவு போட்டேன். அத்தானிடம், ‘சும்மா பார்க்கணும்போல இருந்தது’ என்று சொல்லி வைத்தேன். அத்தான் அன்றைய நாலு வார்த்தையில் இரண்டைச் செலவழித்து, “சரி, வாம்மா” என்றார்.

போய் இறங்கிய மறுநாள் காலையில், அக்கா சமையலறையில் தனியாக நின்று இரண்டு கைகளையும் மேலும் கீழும் வீசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். என்னைக் கண்டதும் அலமாரியில் எதையோ எடுப்பதுபோலப் பாவனை செய்தாள்.

“எத்தனை நாளா?” என்றேன்.

“மூணு வாரம்.” அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாள். “ஒரு ஸ்கூல்லேர்ந்து பசங்க வந்திருந்தாங்க. வழக்கம்போல முன்னாடி போய் கையைத் தூக்கறேன், ஒண்ணுத்தையும் காணோம். பசங்க சிரிக்கறாங்க. நான் தாவறேன், ஆடறேன், கூத்தாடி மாதிரி என்னென்னமோ பண்றேன். ம்ஹூம். அதுல ஒரு பொண்ணு பக்கத்துல வந்து ஒரே ஒரு விரலை ஆட்டினா. டபடபன்னு திரும்புது.”

“ரிப்பேர் பாக்கறவர்கிட்ட சொன்னியா?”

“டெஸ்டர்கிட்டயா? எதுக்கு? அவன் வந்து பாத்துட்டு, சுவர்ல ஒரு கோளாறும் இல்லைக்கான்னு சொல்லிட்டா? அப்ப கோளாறு யார்கிட்ட?” குரல் இறங்கியது. “அப்பாவுக்கு ஆரம்பிச்சப்பகூட அவருக்குத் தெரியாதுடி. கையை வீசிட்டுதான் நடக்கறதா நெனச்சுட்டிருந்தாரு.”

அத்தானுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது. அவர் தூங்கின பிறகு, குளியலறைக் கண்ணாடி முன்னால் நடந்து பார்க்கிறாளாம், இடது கை வீசுகிறதா என்று. “பாக்கும்போது வீசத்தான் செய்யுது. பாக்காதப்ப என்ன பண்ணுதோ, யாரு கண்டா?”

நான் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த நேரத்தில் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று வாசல்வரை சண்டை போட்டாள். ஆட்டோவில் ஏறியதும் என் மணிக்கட்டைப் பிடித்தவள் இறங்கும்வரை விடவில்லை. டாக்டர் ஒல்லியான, அவசரப்படாத ஒரு பெண். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தட்டச் சொன்னார். முழங்கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். நடைக்கூடத்தில் போய்த் திரும்பி வரச் சொன்னார். அக்கா பரேடு போவதுபோல் கையை வீசி நடந்தாள்.

“வீட்ல எப்படி நடப்பீங்களோ அப்படி நடங்கம்மா.”

“வீட்ல நான் நடக்க மாட்டேன் டாக்டர், ஓடுவேன்.”

கடைசியில் ஒரு தாளைக் கொடுத்து, ஏதாவது ஒரு வாக்கியத்தை ஐந்து தடவை எழுதச் சொன்னார். அக்கா யோசிக்கவே இல்லை. ‘தயவுசெய்து தகடுகளைத் தொடாதீர்கள்’ என்று எழுத ஆரம்பித்தாள். இந்த நோயில் எழுத்து போகப் போகச் சிறுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கையெழுத்து கடைசியில் எறும்புச் சாரைபோல ஆகிவிட்டிருந்தது. நான் தாளையே பார்த்தேன். நான்காவது வரியிலிருந்து அக்காவின் எழுத்து பெருத்துக்கொண்டே போயிற்று. ஐந்தாவது வரி தாளைத் தாண்டி மேஜைமேல் முடிந்தது.

“எழுத்து சின்னதாகலை,” என்றார் டாக்டர். “பேப்பர்தான் பத்தலை. உங்க அப்பாவுக்கு இருந்தது உங்களுக்கு இருக்கற மாதிரி தெரியலைம்மா. வலது தோள் கொஞ்சம் இறுகியிருக்கு, அவ்வளவுதான். பயிற்சி எழுதித் தர்றேன்.”

வெளியே வந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா நின்றுகொண்டே இருந்தாள். அவள் முகம் தெளியவில்லை.

“அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே,” என்றேன்.

“அந்தம்மா என்னைப் பாத்தது இருபது நிமிஷம்,” என்றாள் அக்கா. “சுவரு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் பாக்குது.”

டாக்டரை நம்பு என்று சொல்லலாம். ஆனால் ஆறு வருஷமாக ஒரு குழந்தையின் இமைத் துடிப்பைக்கூட அந்தச் சுவர் விடாமல் பிடித்ததை அருகில் இருந்து பார்த்தவள் அவள். அப்பாவுக்கும் முதலில் பார்த்த டாக்டர், வயசானால் அப்படித்தான் என்றுதான் சொன்னார். அக்கா அதை மறந்திருக்கவில்லை.

மறுநாள் காலை அவளோடு கூடத்துக்குப் போனேன். திறக்க இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. கூடத்தை ஒட்டிய அறையில் மாட்டியிருந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டு அக்கா விளக்குகளைப் போட்டாள். நான் சுவருக்கு முன்னால் போனதுமே தகடுகள் புரண்டு என்னை வரைந்தன. மழை தகரக் கூரையில் விழ ஆரம்பிப்பது போன்ற சத்தம். என்னைவிட அகலமாக ஒரு பெண் சுவரில் நின்றாள்.

“வா,” என்றேன்.

அக்கா வந்து என் பக்கத்தில் நின்றாள். கையைத் தூக்கினாள். ஒன்றுமில்லை. இரண்டு கையையும் ஆட்டினாள். ஒன்றுமில்லை. என் பக்கத்தில் வெறும் மரம். டாக்டர் சொன்னது எல்லாம் அந்த நொடியில் என் மனதிலிருந்தும் போய்விட்டது. அவள் தோளை அணைத்துக்கொள்ளலாம் என்று நகர்ந்தேன்.

“கிட்ட வராதடி!” என்று தள்ளிப் போனாள். “ஒண்ணு உன்கிட்ட சொல்லலை. ரெண்டு வாரம் முன்னாடி ஒரு குழந்தை கையைப் பிடிச்சேன். சுவர்ல அந்தக் குழந்தையோட கை முழங்கைவரைக்கும்தான் இருந்துச்சு. அதோட அம்மா பாத்துட்டு, வெடுக்குன்னு குழந்தையைத் தூக்கிட்டுப் போனாங்க. அதுலேர்ந்துதான் இந்தப் பேச்செல்லாம்.”

நான் சுவரில் என் கையைப் பார்த்தேன்.

“குழந்தை கை ஆடிட்டுதானே இருந்துச்சு?”

“ஆடாம? அது சும்மாவே நிக்காத குழந்தை.”

“அக்கா, உனக்கு நடுக்குவாதம்னா உன் அசைவுதானே கம்மியாகணும்? குழந்தை கை ஏன் மறையணும்?”

அவள் பக்கத்தில் போய் என் கையை அவள் தோள்மேல் போட்டேன். சுவரில் என் கை மணிக்கட்டோடு காணாமல் போயிற்று. எடுத்தேன், கை திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், போயிற்று. என் கைக்கு ஒரு நோயும் கிடையாது.

“டெஸ்டரைக் கூப்பிடு,” என்றேன்.

“அவன் வெள்ளிக்கிழமைதான் வருவான்.”

“இப்பவே கூப்பிடு.”

டெஸ்டர் என்பது சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் குத்தியிருப்பதால் வந்த பெயர். நாற்பது வயது இருக்கும். மோட்டார் சைக்கிள் சத்தம் அடங்குவதற்குள் மாடிக்கு வந்துவிட்டார். அக்கா மூன்று வாரக் கதையையும் மூன்று வரியில் சொன்னாள். அவர் முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு கேமராக்களைப் பார்த்தார். பிறகு அக்காவைச் சுற்றி ஒரு சுற்று வந்தார். கோட்டின் காலரைப் பிடித்துத் திருப்பினார்.

“அக்கா, இந்தப் பட்டை எங்கேர்ந்து வந்துச்சு?”

காலர் ஓரத்திலும் இரண்டு கைகளின் நுனியிலும் விரற்கடை அகலத்துக்குச் சாம்பல் நிறப் பட்டை தைத்திருந்தது. வெளிச்சம் பட்டால் மட்டும் பொடி மணல்போல மினுங்கியது. நன்றாகத்தான் இருந்தது.

“எங்க வீட்டுக்காரர் தெச்சாரு. ஓரமெல்லாம் நைஞ்சு போயிருந்துச்சு. ஏன்?”

டெஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அய்யோ அக்கா, இது என் பட்டை!”

விஷயம் இதுதான். தகடுகளுக்கு நடுவே கையை விட்டு அவர் வேலை செய்யும்போது, சுவர் அவரைப் பார்த்துவிட்டால் மோட்டார்கள் சுழன்று விரல் நசுங்கும். அதற்காகவே அந்தப் பட்டையை அவருடைய மேல்சட்டையில் தைத்திருக்கிறார்கள். பட்டை தெரிந்தால், அதைப் போட்டிருக்கும் ஆளையும், பட்டைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வரும் எதையும் சுவர் கணக்கில் எடுக்காது. அவருடைய மேல்சட்டை தோளில் கிழிந்தபோது தைக்கக் கொடுத்தது அத்தானிடம்தான். துணி நைந்துவிட்டது என்று அத்தான் புதுசாகவே தைத்துக் கொடுத்தார். அதற்கு இவரும் புதுப் பட்டை தந்திருந்தார். பழையதை அத்தான் பிரித்து எடுத்து வைத்திருக்கிறார். பொத்தானோ கொக்கியோ நாடாவோ, அவர் எதையும் தூக்கிப் போட்டவரில்லை.

“அப்ப மூணு வாரமா நான் போட்டுட்டு திரிஞ்சது...”

“என்னைத்தான். நீங்க சுவருக்கு ரிப்பேர்காரன்க்கா. பாக்காதன்னு அதுக்குச் சொல்லி வெச்சிருக்கு, அது சொன்னபடி கேக்குது.” அவர் சிரிக்க ஆரம்பித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேக்கா.”

“கோட்டைக் கழட்டு,” என்றேன்.

அக்காவுக்குப் பொத்தான்கள் சரியாக வரவில்லை. விரல்கள் நடுங்கின. எனக்கு அப்பா ஞாபகம் வந்தது, வந்த வேகத்தில் போயும் விட்டது. இது வேறு நடுக்கம். கோட்டை என் கையில் கொடுத்தாள். நான் அதைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் மறுகோடிக்கு, ஏதோ பாம்பைப் பிடித்ததுபோல, ஓடினேன்.

அவள் சுவருக்கு முன்னால் தனியாக நின்றாள். கையைத் தூக்கவில்லை. தொங்கவிட்ட கையிலேயே சுட்டுவிரலை மட்டும் லேசாக மடக்கினாள். இடுப்பு உயரத்தில் இரண்டே இரண்டு தகடுகள் டக் டக் என்று திரும்பின.

“விரலுக்கே வருதுடி,” என்றாள்.

பிறகு மெதுவாக இடது கையை, இடதை மட்டும், நடக்கும்போது வீசுவதுபோல முன்னும் பின்னும் வீசினாள். சுவரிலும் ஒரு கை வீசியது. ஐந்து தடவை, ஆறு தடவை. டெஸ்டருக்கு அது என்னவென்று புரிந்திருக்காது. ஆனாலும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா பின்னாலேயே நடந்துபோய்த் தன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

“தண்ணி குடு முதல்ல,” என்றாள். குடித்தாள். “மூணு வாரம். குளியலறைக் கண்ணாடி முன்னாடி பேய் மாதிரி நடந்திருக்கேன். வீட்டுக்குப் போய் அந்த மனுஷனை என்ன பண்றேன் பாரு.”

வீட்டில் அத்தான் மெஷினில் ஏதோ ஒரு சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். அக்கா கோட்டை அவர் மடியில் போட்டுவிட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவை, கண்ணாடியை, டாக்டரை, மறைந்த குழந்தைக் கையை.

“உங்க சிக்கனத்துல நான் உயிரோடவே செத்துப் போயிருக்கேன், தெரியுமா?”

அத்தான் காலரைத் தடவிப் பார்த்தார். “நல்ல பட்டை,” என்றார். “தூக்கிப் போட மனசு வரலை. உனக்கு எடுப்பா இருக்கும்னு...”

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மூணு வாரமா நீ இதைச் சுமந்தியா? என்கிட்ட சொல்லாம?” என்றார். நான் கேட்டதிலேயே அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது. அக்காவின் கோபம் அங்கேயே வடிந்துவிட்டது. “பிரிங்க, பிரிங்க, நாளைக்கு எனக்கு டூட்டி இருக்கு” என்று மட்டும் சொன்னாள். அவர் பிளேடை எடுத்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பிரித்த பட்டையைச் சுருட்டிப் பழையபடி தன் பொத்தான் டப்பாவில் போடப் போனார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் கத்தினோம்.

மிச்சமிருந்த நாட்களில் நான் தினமும் கூடத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். அக்கா பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினாள், வெட்கப்பட்டவர்களை வம்புக்கு இழுத்தாள், தாவினாள், வியர்த்தாள். சுவருக்கு ஆயுசு தெரியுமா என்று ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டபோது, “தெரியும் சார். உங்களுக்கு நூறாம். கையை இன்னும் தூக்குனா நூத்திப் பத்தாம்” என்றாள்.

நான் இங்கே திரும்பி வந்து ஆறு மாதம் ஆகிறது. அப்பாவுக்கு இருந்ததால் எதற்கும் ஆறு மாதம் கழித்து ஒருமுறை வந்து காட்டும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அது இன்று. அத்தானும் கூடப் போயிருக்கிறார். போன முறை பயந்ததுபோல் இம்முறை நான் பயப்படவில்லை. காலையிலிருந்து இரண்டே தடவைதான் கடிகாரத்தைப் பார்த்தேன். தோள் நன்றாகத் தூக்க வருகிறது என்று நேற்றுத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியின் மாடித் தொட்டியைத் தானே ஏறிக் கழுவினாளாம். அதற்காக நான் திட்டினேன்.

இந்நேரம் பார்த்து முடித்திருப்பார்கள். கூப்பிட்டேன். மணி போகிறது. டாக்டர் அறையில் சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பாள். இல்லையென்றால் ஆட்டோக்காரரிடம் வழி சொல்லிக்கொண்டிருப்பாள். அதுவும் இல்லையென்றால்... வேண்டாம், இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். காதில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது.